கண் படைத்த கைகாட்டி

நடு நிசி. நாற்சந்தி. வடக்கே ஆள் இல்லை; தெற்கே அரவம் இல்லை; கிழக்கும் மேற்கும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஆயினும் சிவப்பு விளக்கு எரிகிறது. சட்டத்துக்கு அடங்கிய ஒரு மனிதர் அதன் எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். யாருக்காக? எதிரே வருவோர் யாரும் இல்லை. விளக்குக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான். விளக்கோ பிறவிக் குருடு. அறுபது விநாடி என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அறுபது விநாடி எண்ணிவிட்டுத்தான் அது விடை கொடுக்கும்.

காலை ஒன்பது மணிக்கும் அதே கதைதான். பள்ளிக்கூடத்துச் சந்திலிருந்து சைக்கிள்களும் குழந்தைகளும் திரண்டு வந்து நிற்கும்போதும், அந்தச் சந்தில் காக்கை கூட இல்லாதபோதும், குருட்டு விளக்கு ஒரே அளவான தர்மத்தைத்தான் வழங்குகிறது.

இந்த விளக்குக்கு ஒரு கண் வைத்துப் பார்க்கலாமா? வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல், ஒரு சிறு பாட்டரியும் கைப்பிடியளவு சாமான்களும் கொண்டு, குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்து பார்க்கக்கூடிய காரியம்தான் அது. ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். கண் வைப்பது வெகு சுலபம். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுதும் இருக்கிறது.

பழைய கதை

உலகத்தின் முதல் போக்குவரத்து விளக்கு 1868-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் லண்டனில், பார்லிமெண்டு மாளிகைக்கு அருகில் நாட்டப்பட்டது. அமைத்தவர் ஜே. பி. நைட் என்னும் ரயில்வே என்ஜினீயர். ஆகையால் அது ரயில் கைகாட்டியின் உடன்பிறப்பாகவே இருந்தது. பகலில் கைகள் ஏறி இறங்கும். இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு எரியும். கீழே ஒரு போலீஸ்காரர் நின்று திருப்புவார். அடுத்த மாதமே, அதாவது 1869 ஜனவரியில், வாயு கசிந்து விளக்கு வெடித்தது. போலீஸ்காரருக்குப் பலத்த காயம். அதோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

பிறகு மின்சாரம் வந்தது. 1914 ஆகஸ்டு 5-ஆம் தேதி அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரில் சிவப்பு, பச்சை மின்சார விளக்குகள் எரிந்தன. 1920-ல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் உத்தியோகஸ்தர் வில்லியம் பாட்ஸ் என்பவர், நாலு திசைக்கும் மூன்று நிறம் காட்டும் விளக்கை அமைத்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மஞ்சள் புகுந்துகொண்டது. இந்த மஞ்சளைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

விளக்குக்குப் புலன் கொடுக்கும் எண்ணமும் புதிதல்ல. 1928-ல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் விளக்குக்குக் காது வைத்தார். கம்பத்தில் ஒரு மைக்ரோபோன் இருக்கும். குறுக்குத் தெருவில் வந்து நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடித்தால் பச்சை கிடைக்கும். மேற்படி ஏற்பாட்டை நம் ஊர்களில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். நாலு திசையிலும் ஏக காலத்தில் பச்சை எரிந்திருக்கும்!

காதுக்குப் பின் ஸ்பரிசம் வந்தது: சக்கரம் ஏறி அழுத்தினால் உணரும் பட்டைகளைச் சாலையில் பதித்தார்கள். இப்போது பல நாடுகளில் சாலையைக் கீறி உள்ளே கம்பிச் சுருளைப் புதைத்திருக்கிறார்கள். மேலே இரும்பு வண்டி வந்து நின்றால் சுருளின் மின்காந்தக் குணம் மாறும். அதைக் கொண்டு வண்டி வந்ததை விளக்கு அறிந்துகொள்ளும். காமிராவும் ராடாரும் கூட இந்த வேலைக்கு வந்துவிட்டன.

பத்து நாற்காலி

நிற்க. நம் மேஜைக்கு வருவோம். அட்டையில் ஒரு பெரிய சாலை வரையுங்கள். அதைக் குறுக்கே வெட்டும் ஒரு சிறு சந்தும் வரையுங்கள். பெரிய சாலைக்கு எப்போதும் பச்சை. சந்தில் வண்டி வந்து நின்றால் மட்டும் அதற்கு ஒரு முறை வழி விட வேண்டும். இதுதான் நம் திட்டம்.

இதற்கு இரண்டு ஐ.ஸி.க்கள் போதும். சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊரில் ரேடியோ சாமான் விற்கும் கடையிலோ 555 என்றும் 4017 என்றும் எண்ணைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

முதலாவதான 555 ஒரு கடிகாரம். ஹான்ஸ் காமென்ஸிண்டு என்ற ஸ்விஸ் தேசத்தவர் 1971-ல் அமெரிக்காவில் உருவாக்கியது. மறு வருஷம் கடைக்கு வந்தது. இன்று வரை விற்றுக்கொண்டேயிருக்கிறது. அதன் 8-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர். 7-க்கும் 6-க்கும் இடையே 15 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் இணைத்து, அங்கிருந்து 100 மைக்ரோஃபாரட் கெபாஸிடர் பூமிக்கு, அதாவது பாட்டரியின் எதிர்முனைக்கு. 8-ஆம் கால் 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனைக்கும், 1-ஆம் கால் பூமிக்கும் போக வேண்டும். காலக் கணக்கு எளிது. முதல் ரெஸிஸ்டரோடு இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டினால் 40 கிலோ ஓம். அதைக் கெபாஸிடரின் அளவாலும், பின்பு 0.693 என்ற எண்ணாலும் பெருக்கினால் 2.8 விநாடி சுமாராக வரும். 2.8 விநாடிக்கு ஒரு தரம் 3-ஆம் காலில் ஒரு துடிப்பு எழும்.

இரண்டாவதான 4017 ஓர் எண்ணி. வரிசையாகப் பத்து நாற்காலிகள் போட்டிருப்பதாகவும், ஒரே ஓர் ஆள் ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த நாற்காலிக்கு மாறி உட்காருவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 9 வரை போய் மறுபடி 0-க்கு வந்துவிடுவான். எந்த நாற்காலியில் ஆள் இருக்கிறானோ அந்தக் காலில் மாத்திரம் மின்சாரம் இருக்கும். நாற்காலிகளை நாம் இப்படிப் பங்கிடுவோம்:

0, 1, 2, 3 — பெரிய சாலைக்குப் பச்சை.
4 — பெரிய சாலைக்கு மஞ்சள்.
5 — எல்லாருக்கும் சிவப்பு.
6, 7 — சந்துக்குப் பச்சை.
8 — சந்துக்கு மஞ்சள்.
9 — மறுபடி எல்லாருக்கும் சிவப்பு.

0 முதல் 9 வரை நாற்காலிகளுக்கு உரிய கால்கள் முறையே 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. ஒரே விளக்குக்குப் பல கால்கள் சேரும் இடத்தில், ஒவ்வொரு காலிலிருந்தும் ஒரு 1என்4148 டையோடு வழியாக வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலின் மின்சாரம் இன்னொரு காலுக்குள் புகுந்து குழப்பும். ஒவ்வொரு எல்.இ.டி. விளக்குக்கும் 2.2 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்று.

சிவப்பு விளக்குகளுக்கு ஒரு சுகமான குறுக்கு வழி உண்டு. 4017-ன் 12-ஆம் காலில் 0 முதல் 4 வரை மின்சாரம் இருக்கும். 5 முதல் 9 வரை இராது. பெரிய சாலையின் சிவப்பு எரிய வேண்டியது சரியாக 5 முதல் 9 வரைதானே? ஆகவே அந்த விளக்கை நேர்முனைக்கும் 12-ஆம் காலுக்கும் இடையில் வைத்தால் போதும்; கால் தாழும்போது விளக்கு எரியும். சந்தின் சிவப்புக்கு 12-ஆம் கால், 5-ஆம் நாற்காலி, 9-ஆம் நாற்காலி ஆகிய மூன்றிலிருந்தும் டையோடு வைத்துச் சேர்த்துவிடலாம்.

மிச்சமுள்ள கால்களையும் சொல்லிவிடுகிறேன். 4017-ல் 16 நேர்முனைக்கு. 8-ம் 13-ம் பூமிக்கு. 14 கடிகாரத்தின் 3-ஆம் காலுக்கு. 15-ஐ 0.1 மைக்ரோஃபாரட் கெபாஸிடர் வழியாக நேர்முனைக்கும், 100 கிலோ ஓம் வழியாகப் பூமிக்கும் இணைத்தால், பாட்டரி போட்டவுடன் ஆள் 0-ஆம் நாற்காலியில் போய் உட்காருவான்.

இந்த அமைப்பில் ஒரு பெரிய குணம் இருப்பதைக் கவனித்தீர்களா? ஆள் ஒருவனே. ஒரே சமயத்தில் 3-ஆம் நாற்காலியிலும் 6-ஆம் நாற்காலியிலும் அவன் உட்கார முடியாது. ஆகையால் இரண்டு சாலைக்கும் சேர்ந்தாற்போல் பச்சை எரிவதென்பது இந்த எண்ணியின் அமைப்பிலேயே இல்லை. கண் என்ன பார்த்தாலும், பார்க்காவிட்டாலும், இந்த ஒன்று மாறாது.

கண்ணும் மனுவும்

சென்சார் என்று கடைக்காரர்கள் சொல்லும் கண்ணாக எல்.டி.ஆர். என்னும் சிறு வில்லையை வைத்துக்கொள்வோம். வெளிச்சம் பட்டால் அதன் தடை குறையும். நிழல் விழுந்தால் ஏறும். சந்து பெரிய சாலையைச் சேரும் இடத்தில் அட்டையில் துளையிட்டு, வில்லையை வானத்தைப் பார்க்கப் பொருத்துங்கள். பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் பட்டு ஏமாறாமல் இருக்க, சுற்றிலும் கறுப்புக் காகிதக் குழல் ஒன்று வேண்டும். பொம்மை வண்டி வந்து அதன் மேல் நின்றால் நிழல் விழும்; அந்த நிழல்தான் சந்தின் மனு.

மனுவை எங்கே கேட்பது? 3-ஆம் நாற்காலியில்தான். 0, 1, 2 ஆகிய மூன்று நாற்காலி நேரமும், ஏறக்குறைய எட்டு விநாடி, பெரிய சாலைக்கு உத்தரவாதம். 3-ஆம் நாற்காலி காத்திருக்கும் திண்ணை. மனு இல்லையானால் ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பான். மனு வந்தால் எழுந்து நடப்பான்.

மஞ்சளைத் திருடியவன்

ஆளைத் திண்ணையில் உட்கார்த்தி வைப்பதற்குப் பலர் கையாளும் வழி ஒன்று உண்டு. 4017-ன் 13-ஆம் காலில் மின்சாரம் கொடுத்தால் எண்ணுவது நின்றுவிடும். வண்டி வந்தவுடன் அந்தக் காலை விடுவித்தால் எண்ணி நடக்கத் தொடங்கும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கண்காட்சியில் பரிசு கூடக் கிடைக்கும்.

ஆனால் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து இருபது தடவை மஞ்சள் எரியும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ஒரு தடவை 2.8 விநாடி, இன்னொரு தடவை 2, வேறொரு தடவை ஒரே விநாடி! எங்கே போயிற்று மீதி?

நடந்தது இதுதான். எண்ணி நின்றிருக்கிறதே தவிர, கடிகாரம் நிற்கவில்லை. அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறது. துடிப்பு உயர்ந்து நிற்கும் வேளையில் வண்டி வந்தால், எண்ணி அந்தக் கணமே மஞ்சளுக்குத் தாவிவிடுகிறது. மஞ்சளுக்குக் கிடைப்பதோ அந்தத் துடிப்பில் செலவாகாமல் எஞ்சிய மிச்சம். மிகக் கெட்ட வேளையானால் அது ஒரு விநாடிக்குச் சற்றே அதிகம்.

பொம்மை வண்டிக்கு ஒரு விநாடி பற்றிக் கவலை இல்லை. உண்மையான சாலையை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். கண் மஞ்சளைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே சுமார் ஒரு விநாடி ஆகும். அதற்குள் மஞ்சள் மறைந்து சிவப்பு வந்துவிட்டால், அந்த வண்டிக்காரர் என்னதான் செய்வார்? அவர் மேல் குற்றம் இல்லை. சந்தில் வந்தவர் மேலும் இல்லை. சந்தின் மனு எவ்வளவுதான் நியாயமாயிருந்தாலும், அதைக் கேட்ட அவசரத்தில் பெரிய சாலைக்கு உரிய எச்சரிக்கையைப் பறித்துவிட்டோம்.

பரிகாரம் மிகவும் எளிது. எண்ணியை நிறுத்தாதீர்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள். 555-ன் 4-ஆம் காலைப் பூமிக்கு இழுத்தால் அது துடிப்பதை விட்டு, கெபாஸிடரையும் காலி செய்துவிட்டுச் சும்மா இருக்கும். ஆகவே 4-ஆம் காலை 10 கிலோ ஓம் வழியாக நேர்முனைக்கு இணைத்துவிட்டு, அங்கே பி.ஸி.547 டிரான்ஸிஸ்டர் ஒன்றின் கலெக்டரைச் சேருங்கள், எமிட்டர் பூமிக்கு. அதன் பேஸுக்கு 3-ஆம் நாற்காலியிலிருந்து 10 கிலோ ஓம். இப்போது ஆள் திண்ணைக்கு வந்தவுடன் கடிகாரம் நின்றுவிடும்.

அந்த பேஸிலேயே இரண்டாவது டிரான்ஸிஸ்டரின் கலெக்டரை இணையுங்கள். அதன் எமிட்டரும் பூமிக்கு. அதன் பேஸுக்கும் பூமிக்கும் நடுவே எல்.டி.ஆர்.; பேஸுக்கும் நேர்முனைக்கும் நடுவே 100 கிலோ ஓம் பிரிஸெட். நிழல் விழுந்தால் இரண்டாவது விழித்துக்கொண்டு முதலாவதை உறங்கச் செய்யும், கடிகாரம் விடுபடும். எவ்வளவு நிழலுக்கு விழிக்க வேண்டும் என்பதை பிரிஸெட்டைத் திருகிச் சரி செய்துகொள்ளலாம்.

விடுபட்ட கடிகாரம் காலிக் கெபாஸிடரோடு புதிதாகத் தொடங்குகிறது. உடனே ஒரு துடிப்பு எழுந்து மஞ்சள் வரும். அடுத்த துடிப்புக்கோ சுமார் 3.8 விநாடி ஆகும். மஞ்சளுக்கு உரிய பங்கும் கிடைத்தது. மேலே ஒரு விநாடி இனாமும் கிடைத்தது. பிழை நேர்ந்தாலும் பத்திரமான பக்கத்தில் நேருகிறது.

கண் அவிந்தால்?

எல்.டி.ஆரின் கம்பி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டாவது டிரான்ஸிஸ்டருக்கு எப்போதுமே நிழல்தான். அது ஓயாமல் மனுக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். விளைவு என்ன? பெரிய சாலை, சந்து, பெரிய சாலை, சந்து என்று 28 விநாடிக்கு ஒரு சுற்றாக விளக்கு மாறி மாறி எரியும். அதாவது பழைய குருட்டு விளக்காகிவிடும். யாரும் என்றென்றைக்கும் சிவப்பில் சிக்கிக் கிடக்க மாட்டார்கள். சந்தில் ஒருவர் வண்டியைக் கண்ணின் மேல் நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடப் போனாலும் இதே பலன்தான்.

டிரான்ஸிஸ்டரை மாற்றிப் பொருத்தி, வெளிச்சமே மனு என்று அமைத்திருந்தால், கம்பி அறுந்த அன்று முதல் சந்துக்கு விமோசனமே இராது. ஒரு யந்திரம் கெடும்போது யார் பக்கம் சாய்ந்து கெட வேண்டும் என்பதையும் முன்னாலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டியின் கணக்கு

இதுவரை வண்டிகளையே பேசினோம். நடந்து போகிறவர்? அவருக்கு நிழல் சிறிது, இரும்பும் இல்லை. சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருளுக்கு அவர் இருப்பதே தெரியாது. சைக்கிள்காரரைக் கூடச் சில சமயம் தெரியாது.

ஆகவே பெரிய சாலையின் ஓரத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். ஆனால் பொத்தானை அமுக்கி உடனே கையை எடுத்துவிடுவார்கள் அல்லவா? ஆள் அப்போது திண்ணையில் இல்லாவிட்டால், மனு காற்றோடு போய்விடும். மனுவை வாங்கிக்கொண்டு மறந்துபோகும் ஆபீஸ்களை நாம் அறிவோம். இன்னொன்றை மேஜையில் வேறு செய்து வைக்க வேண்டாம். 4013 என்ற ஐ.ஸி. ஒரு நல்ல குமாஸ்தா. அதன் 'ஸெட்' காலில் பொத்தானைச் சேர்த்தால் மனுவைப் பதிவு செய்துகொள்ளும். 'ரீஸெட்' காலில் 6-ஆம் நாற்காலியைச் சேர்த்தால், வழி கிடைத்த பிறகே பதிவை அடிக்கும். அதன் வெளியீடு 10 கிலோ ஓம் வழியாக மூன்றாவது டிரான்ஸிஸ்டருக்குப் போகட்டும். அந்த டிரான்ஸிஸ்டர் இரண்டாவதன் பக்கத்தில் இணையாக நிற்கும்.

இனிக் குழந்தைகளிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். பெரிய சாலையின் அகலம் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சாலை என்ஜினீயர்கள் பாதசாரியின் நடையைச் சாதாரணமாக விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடக்க 11.7 விநாடி வேண்டும். நம் விளக்கில் சந்துக்குப் பச்சை வந்தது முதல் பெரிய சாலைக்கு மறுபடி பச்சை வரும் வரை, 6, 7, 8, 9 என்று நாலு நாற்காலி. நாலு தடவை 2.8 விநாடி, சுமார் 11 விநாடி. பச்சை வந்த அதே கணத்தில் காலடி எடுத்து வைத்தவர் கூடக் கடைசி ஓர் அடியில் அகப்பட்டுக்கொள்கிறார்.

அதுவும் வாலிபருக்குத்தான். முழங்கால் வலியோடு விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 14 விநாடி வேண்டுமே!

கடிகாரத்தில் 15 கிலோ ஓம் ரெஸிஸ்டரை எடுத்துவிட்டு 22 கிலோ ஓம் வையுங்கள். ஒரு நாற்காலி 3.7 விநாடி ஆகும். நாலு நாற்காலி 15 விநாடி. பாட்டி கரை சேர்ந்துவிடுவாள். வண்டிக்காரருக்கு ஒரு சுற்றில் சில விநாடிகள் கூடுதலாகச் செலவாகும்; ஆகட்டும்.

இந்தியாவில் 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்திய ஸர்க்காரின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். எல்லாம் விளக்கின் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் நாற்சந்தியில் ஒரு விளக்கைக் காணும்போது, அது யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்கவில்லை, நடப்பவருக்கு எத்தனை விநாடி கொடுக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்கு ஒரு குழந்தைக்கு வந்தால் கூட நல்லது.

மேஜையில் விளக்கு எரியத் தொடங்கியதும் பாட்டியையே கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். மஞ்சளையும் பச்சையையும் பத்துத் தடவை அளந்து, காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகு கண்காட்சிக்கு எடுத்துச் செல்லலாம்.